டீயின் உயரம், பந்தின் இடம்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் குளுவாங் போன்ற தோட்டப் பட்டணங்களில் கோல்ப் ஆடுவோருக்கு இது பழகிய காட்சி: தூரம் அடிப்பதற்கான நீண்ட மட்டையான (கிளப்) டிரைவரில் அடித்த பந்து நன்றாகத்தான் கிளம்பும், பாதி தூரத்தில் வலப்பக்கம் வளைந்து செம்பனை ஓலைக் குவியலுக்குள் போய்விடும். உடனே வீச்சை மாற்றப் போகாதீர்கள். முதலில் பந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று குனிந்து பாருங்கள். வலக்கையாளருக்குச் சொல்கிறேன், இடக்கையாளர் திருப்பிக்கொள்ளலாம்.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் டிரைவரின் முகம்தான், அதாவது பந்தில் படும் பக்கம்தான், தீர்மானிக்கிறது. பிறகு வளைவதற்குக் காரணம், டிரைவரின் தலை வந்த பாதையும் முகம் பார்க்கும் திசையும் ஒத்துப்போகாததே. தலை ஒரு வட்டத்தில்தான் சுழல்கிறது. அதனால் பந்து இருக்கும் இடம் மாறினால், தலை அதைத் தொடும் நேரத்தில் பாதையும் மாறிவிடும்.

டிரைவருக்குப் பந்து இடக் குதிகாலின் உட்புறத்துக்கு நேராக இருக்கட்டும். அதைவிட முன்னால் போனால், எட்டிப் பிடிக்க உங்கள் தோள் இடப்பக்கம் திறந்துகொள்ளும். தலை வெளியிலிருந்து உள்ளே வெட்டும். முகம் அந்தப் பாதைக்கு வலப்பக்கம் திறந்திருந்தால், பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ்; பாதையோடு ஒத்திருந்தால் நேரே இடப்பக்கம். பின்னால் வைத்தால் முகம் மூடி நேராவதற்குள் அடி விழுந்து, பந்து வலப்பக்கம் கிளம்பும். ஸ்லைஸுக்குப் பயந்து பந்தை இன்னும் முன்னால் தள்ளுகிறவர்கள் நிறைய. அது நோயை வளர்க்கிற மருந்து. மாற்றுவதானால் ஒரு தடவைக்கு அரைப் பந்து, அதாவது சுமார் 2 சென்டிமீட்டர் போதும்.

இனி டீ, அதாவது பந்தைத் தாங்க மண்ணில் குத்தும் சிறு குச்சி. டிரைவரைத் தரையில் வைத்தால், பந்தில் பாதி டிரைவர் தலையின் உச்சிக்கு மேலே தெரிய வேண்டும். 70 மில்லிமீட்டர் டீயில் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் மண்ணுக்கு மேல் நிற்கும். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே உயரம் கிடைக்கும். தாழ்வான டீ, மேலிருந்து கொத்தி அடிக்கத் தூண்டும். பந்து முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டு, பின்சுழற்சி கூடித் தூரம் குறையும். எதிர்க்காற்றில் டீயை ரொம்பவும் தாழ்த்துவது இதனால்தான் பலிப்பதில்லை. 5 மில்லிமீட்டர் மட்டும் இறக்கி, மெதுவாக அடியுங்கள். அளவுக்கு மீறி உயர்த்தினாலோ, தலை பந்துக்கு அடியில் நுழைந்து, பந்து செங்குத்தாக எழும்பும். டிரைவரின் உச்சியில் கீறலும் விழும். மழை பெய்து திடல் ஊறியிருக்கும்போது பந்து உருளாது; அன்றைக்கு டீ சற்று உயரமாகவே இருக்கட்டும். இரும்புக் கிளப்புக்கு டீ புல்லைவிட 5 மில்லிமீட்டர் எழும்பினால் போதும்.

பயிற்சித் திடலில் டிரைவரின் முகத்தில் காலுக்கு அடிக்கும் ஸ்பிரே பவுடரை லேசாக அடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பந்து அடித்தால் தடம் சொல்லிவிடும்: அடிப்பகுதியில் விழுந்தால் டீயை ஏற்றுங்கள், உச்சியோரம் விழுந்தால் இறக்குங்கள். போட்டிக்கு முன் மறக்காமல் துடைத்துவிடுங்கள். பந்தின் போக்கை மாற்ற முகத்தில் எதையும் பூசக் கூடாது என்பது விதி.