மாடி அறையில் லெட்யூஸ்: கரியமில வாயு சிலிண்டர் வாங்கலாமா?

வணக்கம். காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பது அடி உயரம். நாலு தட்டு ரேக், எல்இடி விளக்கு, ஸ்பிளிட் ஏசி. ஜன்னலைத் தெர்மாகோல் வைத்து அடைத்துவிட்டார். சாலட் கீரையான லெட்யூஸ், துளசி இனத்து பேசில், கூடவே சிறுகீரை. செடி சின்னதாக இருந்தவரை ஒழுங்காக வந்தது, ரேக் நிறைந்ததும் லெட்யூஸ் அப்படியே நின்றுவிட்டதாம். "கரியமில வாயு ஏற்றினால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா? சிலிண்டர் வைக்க உள் மாடிப்படிக்கு அடியில் இடம் இருக்கிறது" என்கிறார்.

தம்பி, சிலிண்டருக்கு முன்னால் கரியமில வாயு அளக்கிற ஒரு மீட்டர் வாங்குங்கள். என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியை வைத்து இந்த வாயுவையே அளப்பது) என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். விலை குறைவாக வருகிற சிலது கரியமில வாயுவை அளப்பதே இல்லை, வேறு ஆவிகளை வைத்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். கீழ் வீட்டில் சாம்பிராணி போட்டால் என் அறையில் 2000 காட்டும்!

நல்ல மீட்டரை மொட்டை மாடியில் வைத்தால் 420 பிபிஎம் சுமாருக்கு நிற்க வேண்டும், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. வெளிக்காற்றில் இருப்பது அவ்வளவுதான். அப்புறம் செடி மட்டத்தில் வைத்து, விளக்கு போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். செல்போனில் தெரிகிற மாதிரி மீட்டர் என்றால் வசதி. ஏனென்றால் உள்ளே ஆள் இருந்தால் கணக்கே மாறிவிடும். உங்கள் அறையில் இருப்பது சுமார் 30 கன மீட்டர் காற்று. ஓர் ஆள் சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டாலே ஒரு மணி நேரத்தில் 500, 600 பிபிஎம் ஏறும்.

என் சந்தேகம், உங்கள் அறையில் அளவு 420-க்கும் கீழே விழுகிறது என்பதுதான். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். செடி பெரிதாகப் பெரிதாக இருப்பதைத் தின்று தீர்க்கிறது. 200-க்குப் போனால் பட்டினிதான். அந்த 200-ஐ 420-க்குக் கொண்டுவருவதில் கிடைக்கிற பலன் பெரிது, அதற்குச் சிலிண்டரும் வேண்டாம். நாலு இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று, எதிர்ச் சுவரில் காற்று வர ஓர் ஓட்டை, ஒரு டைமர். மணிக்குப் பத்து நிமிடம் ஓடினால் போதும்.

"வேலூர் வெயிலில் வெளிக்காற்றை உள்ளே விட்டால் ஏசி என்ன ஆவது?" என்பீர்கள். நியாயம்தான். விளக்கை இரவில் எரியவிட்டு, பகலில் செடியைத் தூங்க வையுங்கள். செடிக்குச் சூரியன் எப்போது உதிக்கிறது என்பது உங்கள் டைமர் கையில்தானே இருக்கிறது?

420-க்கும் மேலே 800, 1000 வரை ஏற்றினால் லெட்யூஸ், பேசில் இன்னும் வேகமாக வரும், உண்மைதான். ஆனால் வெளிச்சம் நிறைய வேண்டும். லெட்யூஸ் அவசரமாக வளர்ந்தால் கால்சியம் எட்டாமல் குருத்து இலை ஓரம் கருகும். சிறுகீரைக்கு ஏற்றுவது வீண். இந்த விஷயத்தில் அது கரும்பு, கேழ்வரகு ஜாதி. கரியமில வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்கிற ஏற்பாடு அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது.

420-லிருந்து 1000-க்கு ஏற்ற உங்கள் அறைக்கு வேண்டியது வெறும் 32 கிராம் வாயு. செலவு கசிவில்தான். ஒரு மணி நேரத்தில் அறைக்காற்று ஒரு முறை மாறுகிறது என்றால், 16 மணி நேர விளக்குக்கு அரைக் கிலோ கதவிடுக்கு வழியாகவே போய்விடும். ஊதுபத்தியைக் கதவோரம் காட்டுங்கள், புகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி இந்த வாயுவை உண்டாக்குகிற வித்தையும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அந்த 32 கிராமுக்கே சோடா 60 கிராமும் வினிகர் கிட்டத்தட்ட ஒரு லிட்டரும் ஆகும். ஊறுகாய் போடலாம்.

இப்போது அந்த மாடிப்படி. வேண்டவே வேண்டாம் தம்பி. சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், இதற்கு நாற்றமே கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். 30 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் 16 கன மீட்டருக்கு மேல் வாயு, அதாவது உங்கள் அறையில் பாதிக்கு மேல். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 5000 பிபிஎம்தான் வரம்பு, 40,000 உயிருக்கே ஆபத்து. கீழே வீட்டார் படுக்கிற இடத்தில் இதை வைப்பார்களா?

மொட்டை மாடி வெயிலிலும் கூடாது. 31 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே திரவம் திரவமாக நிற்காது, அழுத்தம் எகிறும். நம் ஊர் மே மாதம் தெரியும்தானே? பிறகு எப்போதாவது வாங்கினால், வெளியே காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி நிறுத்தி, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். அறைக்குள்ளும் வெளியிலும் அலாரம் வேண்டும். இப்போதைக்கு ஒரு வாரம் மீட்டர் காட்டுவதை எழுதி அனுப்புங்கள். விளக்கு போட்டதும் ஒன்று, அணைப்பதற்கு முன் ஒன்று. அதைப் பார்த்துவிட்டு ஃபேன் அளவைப் பேசுவோம்.