மழையில் டவர் விழவில்லை, சிக்னல் போனது

வணக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மாட்டியவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். டவரைச் சாய்க்கிற காற்று எதுவும் அன்று அடிக்கவில்லை, வந்தது தண்ணீர்தான். ஆனாலும் பல இடங்களில் போன் வேலை செய்யவில்லை. தண்ணீர் புகுந்த பகுதிகளில் கரண்டை நிறுத்திவிட்டார்கள், டவருக்குக் கீழே இருக்கிற பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் ஜெனரேட்டர், அதற்கு டீசல், டீசல் வண்டி போக ரோடு, ரோடோ தண்ணீருக்குள்ளே! கம்பியில்லாத் தொடர்பு என்று பேரே தவிர, போனுக்கும் டவருக்கும் நடுவிலுள்ள அந்தக் கொஞ்ச தூரத்துக்குத்தான் கம்பி இல்லை.

சரி, ஒரு வலை எப்போது தாங்கும், எப்போது உடையும் என்பதைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது? 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக் கணிதவியலாளர் எட்கர் கில்பர்ட் எளிமையாக ஒன்று செய்தார். ஒரு பெரிய தாளில் புள்ளிகளைக் கண்டபடி தூவ வேண்டும், குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கிற புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு புள்ளிக்குச் சராசரியாக சுமார் 4.5 தொடர்புகளுக்குக் கீழே இருந்தால் எல்லாம் குட்டித் தீவுகள். அதைத் தாண்டியதும் தாள் முழுக்கப் பரவிய ஒரே பெரிய வலை உருவாகிவிடுகிறது. தூரமே பார்க்காமல் யாரும் யாரோடும் இணையலாம் என்றால் சராசரி 1 போதும். இங்கே மட்டும் ஏன் இவ்வளவு? தெருவில் நமக்குத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளும் தெரிந்தவர்களாகவே இருப்பதுபோல, பாதிக் கோடுகள் அதே வட்டத்துக்குள்ளேயே சுற்றி வீணாகின்றன. (செல்போன் டவரைவிட, ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிச் செய்தியைக் கடத்துகிற ரேடியோக்களுக்குத்தான் கில்பர்ட்டின் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.)

இனி உடைத்துப் பார்ப்போம். சராசரி 10 தொடர்புகள் உள்ள வலையில் பாதிப் புள்ளிகளைக் குருட்டாம்போக்கில் எடுத்தாலும் சராசரி 5 மிஞ்சும், அது 4.5-க்கு மேல்தான், பெரிய வலை பிழைத்துக்கொள்ளும். கேட்க நிம்மதியாக இருக்கிறது இல்லையா? எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். வெள்ளம் குருட்டாம்போக்கில் எடுக்காது. ஒரே ஆற்றங்கரை, ஒரே துணை மின்நிலையம், டவர்களுக்குத் தகவல் கொண்டுபோகிற ஒரே ஃபைபர் கேபிள் என்று கூட்டமாகத்தான் எடுக்கும். மரியா சூறாவளிக்குப் பின், 2017 செப்டம்பரில் போர்ட்டோ ரிக்கோவில் 90 சதவீதத்துக்கும் மேலான செல்போன் நிலையங்கள் செயலிழந்தன, தீவு முழுவதும் மின்சாரமும் போயிருந்தது.

2003 செப்டம்பர் 28 அன்று மின்வெட்டில் இத்தாலி இருண்டதை வைத்து 2010-இல் இயற்பியலாளர் செர்கேய் புல்திரேவ் குழுவினர் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். மின்வலைக்குத் தகவல்வலை வேண்டும், தகவல்வலைக்கு மின்சாரம் வேண்டும். இப்படி ஒன்றையொன்று நம்பியிருக்கிற இரண்டு வலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயாது, ஓர் எல்லை வரை தாங்கிவிட்டுத் திடீரென்று மொத்தமாகச் சரியும் என்று அவர்களின் கணக்கு காட்டியது.

ஆகவே யாராவது சிக்னல் பரப்பு வரைபடத்தை மட்டும் காட்டி “எங்கள் வலை உறுதியானது” என்றால், மின்கம்பி வரைபடத்தையும் ஃபைபர் வரைபடத்தையும் அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். புயல் நேரத்தில் எந்தக் கம்பெனி சிம்மும் எந்தக் கம்பெனி டவரையும் பிடிக்கலாம் என்று நம் நாட்டில் ஏற்பாடு செய்கிறார்கள், நல்ல விஷயம், புள்ளிகள் கூடுகின்றன. ஆனால் பல இடங்களில் இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆன்டெனா ஒரே கம்பத்தில்தான் தொங்குகிறது, பேட்டரியும் பொதுதான். அந்த இடத்தில் உங்கள் இரண்டு சிம்மும் கணக்குக்கு ஒரே புள்ளி.