நிலத்தைக் கையில் வைத்திருந்த நகரம்

அனைவருக்கும் வணக்கம். பழைய துறைமுக நிலம் எப்படி ஊராகிறது என்று பேசச் சொன்னீர்கள். பொதுப்படையாகப் பேசினால் எதுவும் மனசில் நிற்காது. அதனால் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஜெர்மனியில், எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாம்பர்க் நகரத்தில், பழைய துறைமுக நிலத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டி என்ற புதிய பகுதி.

முதலில் பழைய கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1880களில் அங்கே பெரிய சரக்குக் கிடங்குகள் கட்டுவதற்காகக் குடியிருப்புகளை இடித்தார்கள். சுமார் 20,000 பேர் வீடிழந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில் சிவப்புச் செங்கல் கிடங்குகள் எழுந்தன. காப்பி, தேயிலை, மிளகு, கம்பளம் எல்லாம் வந்து அடுக்கப்பட்டன. அதற்குத் தெற்கே கப்பல்துறைகள், ரயில் பாதைகள், எரிவாயு ஆலை. பிறகு 1960களின் இறுதியில் கன்டெய்னர் வந்தது. கப்பல்கள் பெருத்தன, சரக்கு வைக்கப் பரந்த திடல் தேவைப்பட்டது, துறைமுகம் ஆற்றின் தென்கரைக்கு நகர்ந்தது. நகரத்தின் நடுப்பகுதியை ஒட்டிய வடகரைக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1990களின் தொடக்கத்தில் நகர நிர்வாகம் அந்த நிலங்களையும் கட்டடங்களையும் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்தது. 1997 மே மாதம் மேயர் ஹென்னிங் ஃபோஷெராவ் அங்கே புதிய ஊர்ப்பகுதி கட்டும் திட்டத்தை வெளியில் சொன்னபோது, 157 ஹெக்டேர் பரப்பில் பெரும்பகுதி நகரத்தின் கையில் இருந்தது. முன்கூட்டியே விஷயம் வெளியே தெரிந்திருந்தால் விலை எங்கேயோ போயிருக்கும்.

சரி, வாங்கியாயிற்று. எப்படி விற்றார்கள்? வீட்டு மனைகளுக்கு அதிகத் தொகை கேட்டவருக்கே மனை என்று வைக்கவில்லை. விலைக்கு 30 விழுக்காடு மதிப்பு, என்ன கட்டப் போகிறார் என்பதற்கு 70 விழுக்காடு. தேர்வானவருக்கும் உடனே பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு மனையை அவருக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அதற்குள் வடிவமைப்புப் போட்டி நடத்தி, மண்ணைச் சோதித்து, கட்டட அனுமதி வாங்க வேண்டும். அப்புறம்தான் பணம், கிரயம். சொன்னபடி செய்யாவிட்டால் மனை நகரத்துக்கே திரும்பிவிடும். நிலத்தை வாங்கிப் பூட்டிப் போட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வேலை அங்கே நடக்காது.

தண்ணீர் விஷயத்திலும் இதே நிதானம். 1962 பிப்ரவரியில் புயல் வெள்ளம் ஹாம்பர்க்கில் 315 பேரைக் கொன்றது. ஹாஃபன்சிட்டியோ நகரத்தின் வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே, ஆற்றுப் பக்கம் இருக்கிறது. சுற்றிலும் புதிய கரை எழுப்பலாம். ஆனால் அந்தச் செலவு முழுவதும் முதலிலேயே விழும். வீட்டிலிருந்து பார்த்தால் ஆறும் தெரியாது. அதனால் வடகடலோரத்து விவசாயிகளின் பழைய வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். மண்ணை மேடாக்கி, அதன்மேல் வீடு கட்டுவது. அந்த மேட்டுக்கு வார்ஃப்ட் என்று பெயர். இங்கே ஒவ்வொரு புதிய கட்டடமும் கடல் மட்டத்துக்கு எட்டு, ஒன்பது மீட்டர் மேலே நிற்கிறது. மேட்டுக்குள்ளே கார் நிறுத்துமிடம். ஒரு மனை தயாரானால் அதில் கட்டலாம், அடுத்த மனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கரையோர நடைபாதையைத் தாழ்வாகவே விட்டார்கள். 2013 டிசம்பரில் சாவர் புயலின்போது தண்ணீர் கடல் மட்டத்துக்கு 6.09 மீட்டர் மேலே ஏறியது. 1962இல் ஏறியதைவிட அதிகம். தாழ்ந்த நடைபாதைகள் முழுகின. மேட்டு வீடுகளில் இருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

அங்கே 2009இல் கதரீனா பள்ளி திறந்தது. கீழே திடலுக்கு இடம் போதாமல், விளையாட்டு மைதானத்தைக் கட்டடத்தின் கூரைமேல் வைத்தார்கள். அலுவலகங்களும் கடைகளும் நிறைந்த ஒரு பகுதியில் மணியடித்ததும் மொட்டை மாடியில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். குடும்பங்கள் வந்துவிட்டன என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

குறை இல்லையா என்றால், உண்டு. முதலில் எழுந்த வீடுகள் வசதியானவர்களுக்கே எட்டின. இது எனக்கு உறுத்துகிறது. பெரும்பாலும் எளியவர்களான 20,000 பேரை வெளியேற்றிய இடத்துக்குப் பக்கத்தில், நூற்றாண்டு கழித்து முதலில் குடிவந்தவர்கள் பணக்காரர்கள். பின்னால் வந்த பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு வீடுகள் அரசு மானியத்தோடு, வாடகைக்கு உச்சவரம்போடு வர வேண்டும் என்றார்கள். அதை முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டும். பழைய கோகோ கிடங்கின் தலைமேல் எழுப்பிய எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கத்தைப் பாருங்கள். நகரத்துக்கு 77 மில்லியன் யூரோ ஆகும் என்று தொடங்கி, 2017இல் திறந்தபோது 789 மில்லியனில் நின்றது. அழகான கட்டடம்தான். அந்தப் பணத்தில் எத்தனை வாடகை வீடுகள் வந்திருக்கும்!

கடைசியாக ஒரு பூங்கா. லோசே பூங்கா என்று பெயர். அங்கேதான் பழைய ஹானோவர் ரயில் நிலையம் இருந்தது. 1940 முதல் 1945 வரை யூதர்கள், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட சின்டி, ரோமா மக்கள் என்று குறைந்தது 8,000 பேரை நாஜிகள் அங்கிருந்து ரயிலேற்றி வதைமுகாம்களுக்கும், யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற குடியிருப்புகளுக்கும் அனுப்பினார்கள். நகரத்தின் நடுவில் விலை மதிப்புள்ள அந்த நிலத்தைக் கூறுபோட்டு விற்கவில்லை. பழைய தண்டவாளம் போன வழியைப் பூங்காவுக்குக் குறுக்கே ஒரு வெட்டுப்போல விட்டிருக்கிறார்கள். அது எஞ்சியிருக்கும் நடைமேடையில் போய் முடிகிறது. அங்கே பலகைகளில் அனுப்பப்பட்டவர்களின் பெயர்கள் வரிவரியாக இருக்கின்றன.