முழங்கையும் மதிப்பெண்ணும்

(அமெரிக்காவில் பள்ளி பேஸ்பால் ஆடும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம்.

பையன் நன்றாக ஆடுகிறானா என்று கேட்டால், இந்த சீசனில் எத்தனை ஹோம் ரன், பேட்டிங் சராசரி என்ன என்றுதான் நாம் ஆரம்பிப்போம். ஆளெடுக்க வரும் பல்கலைக்கழகக் கோச் அந்தக் கணக்குத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். எதிரே நின்று பந்தெறிந்தவன் மணிக்கு 75 மைல் வேகத்தில் எறிந்தானா, 90 மைலிலா என்பது அதில் இருக்காதே! அவர் நம்புவது ஸ்டாப்வாட்சையும் ரேடாரையும். 60 கெஜத்தை 7 நொடிக்குள் ஓடுகிறானா? கேட்சர் (மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன்) என்றால், பந்து கையுறையில் விழுந்த நொடியிலிருந்து அவன் எறிந்து அது இரண்டாம் பேஸைச் சேர 2 நொடிக்கு மேல் ஆகிறதா? அது 127 அடி தூரம். உடனே எல்லோரும் கைப்பலத்தைக் கூட்டக் கிளம்புவார்கள். நேரம் விரயமாவது பெரும்பாலும் காலைத் திருப்புவதிலும், கையுறைக்குள்ளிருந்து பந்தை உருவுவதிலும்தான். அதற்கு ஜிம் வேண்டாம். ஒரு சுவரும் தினம் பத்து நிமிடமும் போதும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இந்த நாட்டில் பள்ளி அணிகளில் ஆடும் பையன்கள் நான்கரை லட்சத்துக்கு மேல். உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகின் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2019 வரை 40 சுற்று. 2021 முதல் 20 சுற்றுதான். ஆண்டுக்கு 600 பேரைச் சற்றே தாண்டும், அதிலும் பெரும்பங்கு கல்லூரி மாணவர்கள். ஆகவே நம் பையனுக்குத் திறக்கக்கூடிய கதவு கல்லூரி. அந்தக் கதவுவரை போய்ச் சேர இரண்டைக் காப்பாற்ற வேண்டும்: முழங்கை, மதிப்பெண்.

முழங்கையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஆசைதான். முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறு தசைநார் இருக்கிறது. ஒவ்வொரு வேகப்பந்திலும் அது இழுபடுகிறது. ஆற அவகாசம் கொடுக்காவிட்டால் நைந்து கிழிகிறது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு (பந்தெறிபவருக்கு) வேறொரு நாரை எடுத்து அங்கே பொருத்தினார். டாமி ஜான் பெயரிலேயே வழங்கும் அந்த அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் மறுபடி ஆட்டத்துக்கு வர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். பதினோராம் வகுப்பில் இது நடந்தால், கோச்சுகள் தேடிவரும் காலம் முழுக்க பையன் கட்டோடு உட்கார்ந்திருப்பான்.

மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் 2014-இல் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வரம்புகளை எழுதிக்கொள்ளுங்கள். 15, 16 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்து; 17, 18-இல் 105. முப்பது பந்துவரை எறிந்தால் மறுநாளும் எறியலாம். 31 முதல் 45 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள். பதினாறு வயதுக்காரன் 76-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள். பன்னிரண்டு மாதத்தில் 100 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்திலேயே பல இன்னிங்ஸ் உண்டு) தாண்டக் கூடாது. அந்த எல்லையைத் தாண்டிய சிறுவர்களுக்குப் பெருங்காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று அலபாமாவில் பத்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று சொன்னது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் எங்கே தவறுகிறது? பள்ளி கோச் தன் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பார். பள்ளிக்கு வெளியே சனி, ஞாயிறு ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம் கோச்சும் தன் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பார். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை. அந்தக் கூட்டல் வேலை அப்பா அம்மாவுடையது. ஒரு நோட்டு போட்டு, தேதி போட்டு எழுதுங்கள். எறிந்து முடித்தவனை அதே நாளில் கேட்சராக நிறுத்தினால் தலையாட்டாதீர்கள், அவன் பிட்சருக்குப் பந்தைத் திருப்பி எறிவதும் எறிவதுதான். டிசம்பரில் ஷோகேஸ், அதாவது கோச்சுகள் முன் திறமையைக் காட்டும் முகாம், என்று கூப்பிடுவார்கள். இரண்டு மாதம் ஓய்ந்திருந்த கையால் ரேடாருக்காக முழுவேகம் போடுவான். ஆண்டில் நான்கு மாதம் பிட்சிங் கிடையாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கை ஓய வேண்டும். திரும்ப ஆரம்பிக்கும்போது வாரக்கணக்கில் தூரத்தையும் வேகத்தையும் படிப்படியாக ஏற்ற வேண்டும். வலியை மறைக்கிற பையனை வீரன் என்று பாராட்டுவது நம்மிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம்.

இனி மதிப்பெண். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஆட 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 2.3. பலர் கவனிக்காதது இது: பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே அதில் பத்துப் பாடம் முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய பிறகு, மதிப்பெண்ணை ஏற்ற அந்தப் பத்தில் ஒன்றை மறுபடி எழுதினாலும் பொதுவாகக் கணக்கில் சேராது. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ராவில் அலட்சியம் காட்டியதன் விலை மூன்று வருடம் கழித்துத் தெரியும்.

2.3 என்பது வாசற்படி மட்டும். பணம் வேறு கதை. நெடுங்காலம் முதல் பிரிவு அணி ஒன்றுக்கு மொத்தம் 11.7 முழு ஸ்காலர்ஷிப்தான், அதை 27 பேர் வரைக்கும் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அந்த உச்சவரம்பு போய், 34 பேர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது. இடம் சுருங்கியதால், வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் 21 வயதுக்காரனோடு நம் 18 வயதுப் பையன் போட்டி போட வேண்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஆனால் நல்ல மதிப்பெண்ணுக்குக் கல்லூரி தரும் சலுகை, முதல் பிரிவின் கால் ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிதாக இருந்துவிடுவதுண்டு.

ஜூனியர் காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரி என்றால் நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். மேஜர் லீக் நட்சத்திரம் ஆல்பர்ட் பூஹோல்ஸ் மிசௌரியில் அப்படிப்பட்ட ஒரு கம்யூனிட்டி காலேஜிலிருந்துதான் 1999-இல் வந்தார், அதுவும் டிராஃப்ட்டின் 13-ஆம் சுற்றில். அங்கே முதல் வருடமே களத்தில் நிற்கலாம்; டிராஃப்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவனுக்கு மூன்றாம் ஆண்டு முடிய வேண்டும், அல்லது 21 வயது ஆக வேண்டும்.

மட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியிலும் கல்லூரியிலும் உலோக மட்டை. தொழில்முறை ஆட்டத்தில் மரம். கைப்பிடிப் பக்கம் பட்டாலும் உலோகத்தில் பந்து ஓரளவு போகும்; மரம் முறிந்துவிடும். குளிர்காலப் பயிற்சியை மரமட்டையிலேயே வைத்துக்கொண்டால், பந்து எங்கே படுகிறது என்று கையே சொல்லும்.

கடைசியாக, பையன் நிஜமாகவே சிறந்தவன், டிராஃப்ட் நடக்கும் ஜூலை மாதம் ஓர் அணி போன் செய்கிறது என்று வையுங்கள். பிட்சர் குமார் ராக்கரைப் பாருங்கள். பெயரில் உள்ள ‘குமார்’ தாய்வழி இந்திய வேர். 2018-இல் 38-ஆவது சுற்றில் எடுத்தார்கள். அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போனார். அடுத்த ஆண்டே டியூக் அணிக்கு எதிராக யாரையும் பந்தை அடித்து பேஸைச் சேர விடாமல் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல்) 19 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 2021-இல் டிராஃப்ட்டில் பத்தாவது ஆளாக எடுத்த மெட்ஸ் அணி, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் போடவில்லை. 2022-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. 2023-இல் அதே டாமி ஜான் சிகிச்சை. மேஜர் லீகில் முதல் ஆட்டம் 2024 செப்டம்பரில்.

எனவே போன் வருவதற்கு முன்பே, எவ்வளவு போனஸ் கொடுத்தால் கையெழுத்துப் போடுவது என்று வீட்டில் ஒரு தொகையை முடிவு செய்யுங்கள்: இதற்குக் கீழே என்றால் கல்லூரி. மேஜர் லீகுக்குக் கீழுள்ள மைனர் லீகில், 2023 ஒப்பந்தப்படி சிங்கிள்-ஏ என்ற கீழ்ப்படியில் சம்பளமே ஆண்டுக்கு 26,200 டாலராகத்தான் இருந்தது. அதற்கு முன் 11,000. வரியும் ஏஜென்ட் பங்கும் போனபின் போனஸில் எத்தனை வருடம் ஓடும் என்று பாருங்கள். கையெழுத்துப் போடும்போது படிப்புச் செலவையும் அணி ஏற்கும் திட்டத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் கல்லூரியில் சேராவிட்டால் அந்தப் பணம் காலாவதியாகிவிடும். அந்தத் தேதியையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள்.