தார் ரோடு முடிந்த இடத்தில்

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரம் கோயில் தெரு வரைக்கும் காரிலேயே போய் இறங்குவது 1988 அக்டோபர் 2-க்குப் பிறகு வந்த வசதி. அன்றைக்குத்தான் பாம்பன் ரோட்டுப் பாலத்தைத் திறந்தார்கள். ரயில் பாலமோ 1914-லேயே வந்துவிட்டது. இடையில் 74 வருஷம், கார் தீவுக்குள் போக வேண்டுமென்றால் அதுவும் ரயில் ஏற வேண்டியதுதான்!

பாலத்துக்கு இந்தக் கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் காரைத் தட்டை வேகனில் ஏற்றுவார்கள். வேகனில் வண்டி ஏற்றினால் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கயிற்றால் இறுக்க வேண்டும். பாலத்தில் காற்று அப்படி. அந்தப் பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கே சிக்னல் கிடைக்காமல் இருந்தது. பலர் காரை மண்டபத்திலேயே விட்டுவிட்டு ரயிலேறினார்கள். வண்டி நிற்கிற இடத்தில்தான் டீக்கடை, சாப்பாட்டுக் கடை, காவலுக்கு ஆள். இதை மறந்துவிடாதீர்கள், மறுபடி வருகிறேன்.

அடுத்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ரயில் தடமே போய்விட்டது. 2017 வரை முகுந்தராயர் சத்திரம் என்ற இடத்தோடு தார் முடிந்துவிடும், அதற்கப்பால் ஜீப்பும் வேனும் மணலில் போகும். மணலில் வண்டி போவது எஞ்சின் பலத்தால் என்று நினைக்கிறோம். இல்லை, டயர் காற்றால். ரோட்டில் டயரின் காற்றழுத்தம் 30 பவுண்டு (psi) வைத்திருந்தால் மணலுக்கு 15, 18-க்கு இறக்க வேண்டும். அப்போதுதான் டயர் தரையில் நீளமாகப் படிந்து, பாரம் பரவி, புதையாமல் போகும். நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரை விட்டாலே போதும். பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்துவிடும். சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தி முறுக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி, ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும். முன்னால் மணலைத் தள்ளி, பலகையோ பனைமட்டையோ கொடுத்து, மெதுவாக எடுக்க வேண்டும். தாருக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பாவிட்டால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். எத்தனை பேரிடம் சொன்னாலும் விட்டுவிடுகிற காரியம் இது!

நேரம் நெருங்கிவிட்டது, கடைசி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-ல், தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு திறந்ததும் அந்த வேன் சவாரி போயிற்று. முன்னே சொன்னேனே, வண்டி நிற்கிற இடத்தில்தான் கடை. 1988-ல் வண்டிகள் நிற்காமல் போனதும் மண்டபத்துக்கு நடந்ததுதான் சத்திரத்துக்கும் நடந்தது, பிழைப்பு போயிற்று. கோயிலில் 22 தீர்த்தம் ஆடிவிட்டு அன்றைக்கே மதுரைக்குத் திரும்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ராத் தங்கலை நம்பியிருந்தவர்களுக்கு அது அடிதான். வந்து திரும்புகிறவர்கள் ஊர் போனதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு பிரேக் பைப்பைத் தின்றுவிடும். வணக்கம்.