பெரிய டாக்டர் ஏன் ஷூவைத் தட்டிப் பார்க்கிறார்?

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் விடியுமுன் எழுந்து ஆஸ்பத்திரி வரிசையில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும்: வயதான, மனசு நல்ல பெரிய டாக்டரிடம் போனால் நேரமாகும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்த கிழவியிடம், “ஷூவைக் கழற்றுங்க, ஆயா” என்பார். அந்த வினோதப் பழக்கங்களுக்கெல்லாம் காரணம் உண்டு.

கழற்றிய ஷூவைத் தலைகீழாகத் தட்டுவார், உள்ளே கைவிட்டுத் தடவுவார். பல வருஷச் சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப்போகும். சின்னக் கல் ஒன்று நாள் முழுக்க உறுத்தினாலும் தெரியாது. சாயங்காலம் காலுறையில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். அடுத்து விரல் இடுக்குகளை விரித்துப் பார்ப்பார். அங்கே ஈரம் நின்றால் தோல் வெளுத்து வெடித்துக் கிருமி நுழையும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பெருவிரலின் அடியைத் தொடுவார். காய்ப்பு விழுந்த இடத்தை விட்டுவிடுவார், அங்கே நல்ல காலிலும் உணர்ச்சி குறைவு. சில சமயம் தொடாமலே “தொட்டேனா?” என்பார். ஊகித்துப் பதில் சொல்கிறவர் அதில் அகப்படுவார்.

தைப்பூசம் நெருங்கினால், “காவடி எடுக்கிறீங்களா?” என்றும் கேட்பார். இந்த நாட்டில் தைப்பூசம் கோடையில் வருகிறது. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு போனால், மரத்த கால் கொப்பளித்தும் நடந்துகொண்டே இருக்கும். இழை பட்டது தெரியாதவரிடம், “நேர்த்திக்கடனை மகன் சுமக்கட்டும்” என்று பதமாகச் சொல்வார். புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தையும் அவர் மறக்கமாட்டார். சாப்பாட்டைத் தள்ளிவிட்டு இன்சுலினை வழக்கம்போல் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அப்போது 3 அல்லது 4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி விரலைக் குத்திப் பார்க்க வேண்டும்.

பிரஷர் பார்க்கையில் வாயைத் திறக்க விடமாட்டார். பேச்சு ஒன்றே 10 புள்ளி வரை ஏற்றிவிடும். பருத்த கைக்குப் பெரிய பட்டை கிடைக்கும்வரை காத்திருப்பார், சின்னப் பட்டை கூட்டிக் காட்டும் என்பதால்.

எனக்கு மிகவும் பிடித்தது இது: மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். நாடி பார்க்கிறார் என்று நினைப்பீர்கள். அதற்குள் மூச்சையும் எண்ணிவிடுவார். எண்ணுவது தெரிந்தால் நம் மூச்சு தன்னால் மாறிவிடும்.

அடுத்த தடவை போகும்போது சுலபமாகக் கழற்றுகிற ஷூ போடுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துப் பொடியையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். எதை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லச் சொல்வார்.