நேற்று இரவு ஜான் ரொமேரோவைக் கொன்றேன்

வணக்கம் நண்பர்களே. குரல் இன்று கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு இரண்டு மணி வரை ஜான் ரொமேரோவைக் கொல்ல முயன்றுகொண்டிருந்தேன். கடைசியில் கொன்றும்விட்டேன். போலீஸுக்குச் சொல்ல வேண்டாம். மனிதர் அமெரிக்காவில் பிறந்து, பெயர் வாங்கி, இன்றைக்கும் நீண்ட தலைமுடியோடு நலமாக இருக்கிறார்.

நான் சொல்வது 1994-இல் வெளிவந்த டூம் 2 என்ற கணினி விளையாட்டை. அதன் முப்பதாவது லெவல், கடைசிச் சண்டை. எதிரே சுவர் முழுக்க ஒரு கொம்பு முளைத்த பிசாசின் முகம். அதன் நெற்றியில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளிருந்து பெட்டி பெட்டியாக ஏதோ பறந்து வந்து விழுகிறது, விழுந்த இடத்தில் எல்லாம் ஓர் அரக்கன் எழுந்து நிற்கிறான். சொட்டு ரத்தம் விழுந்த இடத்தில் எல்லாம் அசுரன் முளைத்த கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதே தொல்லை. நீங்கள் மேலே எழும்பும் ஒரு மேடையில் ஏறி, சரியான உயரம் வரும் நொடியில், அந்த ஓட்டைக்குள் ராக்கெட்டை அனுப்ப வேண்டும். ஒன்று போதாது, சில ராக்கெட்டுகள் உள்ளே போக வேண்டும். நான் முதல் ஏழு எட்டு ராக்கெட்டுகளைப் பிசாசின் மூக்கில்தான் அடித்தேன்.

சரி, ஓட்டைக்குள் என்ன இருக்கிறது? சுவருக்குள் நடந்து போகும் சங்கேதச் சொல் ஒன்று உண்டு, ஐடிகிளிப். அதைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு கழி. கழியின் நுனியில் குத்தி வைத்த ஒரு மனிதத் தலை, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. அது ஜான் ரொமேரோவின் தலை. அந்த விளையாட்டைச் செய்த ஐடி சாஃப்ட்வேரை நிறுவியவர்களில் ஒருவர் அவர். பிசாசு வெறும் சுவர்ச் சித்திரம்தான். அடி வாங்குவதும் சாவதும் அந்தத் தலைதான்.

இதை அவர் தானே வைத்துக்கொள்ளவில்லை. ஓவியர்கள் அவருக்குத் தெரியாமல் கேலிக்காக வைத்தது. அந்த லெவலைச் சோதித்துப் பார்க்கும்போது அவருக்கே தெரிந்துவிட்டது. நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? யாரடா இது என்று கத்தி, படத்தை எடுக்கச் சொல்லியிருப்போம். நிறுவனமே அவருடையது, ஒரு வார்த்தை போதும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒலி அமைப்பாளர் பாபி பிரின்ஸை அழைத்து, தன் குரலில் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, அதைத் தலைகீழாகத் திருப்பி, பிசாசின் உறுமலாக வைத்துவிட்டார். கேட்டால் புரியாது. பின்னோக்கி ஓட்டினால் தெளிவாகக் கேட்கும்: இந்த விளையாட்டில் ஜெயிக்க வேண்டுமானால் ஜான் ரொமேரோவாகிய என்னை நீ கொல்ல வேண்டும்.

கேலி செய்தவர்களுக்கு அதைவிடப் பெரிய கேலியால் பதில். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஆனால் அதே மனிதர், மூன்று வருடம் கழித்து, 1997-இல், டைகாட்டானா என்ற தன் அடுத்த விளையாட்டுக்கு ஒரு விளம்பரம் வர அனுமதித்தார். சிவப்புப் பக்கம், கறுப்பு எழுத்து. ஜான் ரொமேரோ உங்களை அடிமையாக்கப் போகிறார் என்கிற பொருளில், வீட்டில் சத்தமாகப் படிக்க முடியாத ஒரு சொல்லோடு. விளையாட்டு 2000-இல்தான் வந்தது. வந்ததும் படுத்துவிட்டது. பிறகு அந்த விளம்பரத்துக்காக அவரே வருத்தம் தெரிவித்தார். தன் தலையை நமக்குக் கொடுத்தபோது கைதட்டியவர்கள், நம் தலையைக் கேட்டபோது கல்லெடுத்தார்கள். டைகாட்டானா மோசமாக ஓடியதற்கு வேறு காரணங்களும் உண்டு, முழுப் பழியையும் விளம்பரத்தின் மேல் போட மாட்டேன். இருந்தாலும் அந்தக் கோபத்தின் சூடு அங்கிருந்து வந்தது.

ஒரு நிமிடம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. நின்றுவிட்டது.

விளையாட்டைச் செய்தவர்கள் தங்களையே அதற்குள் வைக்கும் இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், முகத்துக்கு முன்னால் பெயர் வந்தது. எழுபதுகளின் கடைசியில் அட்டாரி நிறுவனம் விளையாட்டு செய்தவர்களின் பெயரை எங்கேயும் போடாது. பெட்டியில் இல்லை, திரையில் இல்லை. அந்தப் புழுக்கத்தில்தான் நான்கு நிரலாளர்கள் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே அட்டாரியில் இருந்த வாரன் ராபினெட் வேறு வழியில் போனார். அட்வென்ச்சர் என்ற விளையாட்டில், பின்னணியின் சாம்பல் நிறத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளியை ஒளித்து வைத்தார். அதைக் கண்டுபிடித்துச் சரியான சுவருக்குக் கொண்டுபோனால் ஓர் இரகசிய அறை திறக்கும். உள்ளே, உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்ற வரி. யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு சிறுவன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. சம்பந்தர் தேவாரத்தில் பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவரின் பெயர் வந்துவிடும், திருக்கடைக்காப்பு என்போம். அவர் ஊரறியப் பாடினார். ராபினெட் திருடன் மாதிரி சுவரேறிக் குதித்துத் தன் பெயரைப் போட வேண்டியிருந்தது.

இனி ராஜா கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்த வீடியோவே.

ரிச்சர்ட் காரியட் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். பள்ளி நாட்களில் ஒரு கம்ப்யூட்டர் முகாமில் மற்றவர்கள் ஹாய் என்றபோது இவர் ஹலோ என்றாராம். அவ்வளவுதான், பிரிட்டிஷ் என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பையன் சும்மா இருப்பானா? பட்டப்பெயருக்கு முன்னால் பிரபு பட்டம் சேர்த்துக்கொண்டு லார்ட் பிரிட்டிஷ் ஆனான். 1981-இல் அவர் செய்த அல்டிமா என்ற விளையாட்டு வந்தது. அந்த உலகத்துக்கு ராஜா யார் என்று கேட்க வேண்டுமா? தொடர் வளர வளர, நாட்டின் பெயரே பிரிட்டானியா ஆகிவிட்டது. நண்பர்களையும் விடவில்லை. நிறுவனத்தைச் சேர்ந்து தொடங்கிய சக் பியூக்கி அரண்மனை விதூஷகன். ராஜாவாக இருந்தது போதாதென்று காரியட்டுக்கு இன்னொரு வேடமும் உண்டு, ஷமீனோ என்ற வீரன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சைக்கிள் உதிரிபாகத்தில் அச்சிட்டிருந்த ஷிமானோ என்ற கம்பெனிப் பெயரிலிருந்து.

இந்த ராஜா நல்லவர். நீங்கள் அடிபட்டு வந்தால் காயத்தை ஆற்றுவார், வழி சொல்வார், பலம் கூட்டுவார். அப்படிப்பட்டவரைப் பார்த்ததும் விளையாடுகிறவனுக்கு முதலில் தோன்றும் கேள்வி, இந்த ஆளைக் கொல்ல முடியுமா என்பதுதான். முடியாதபடிதான் செய்து வைத்திருப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு பாகத்திலும் யாராவது ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். நாளடைவில் செய்தவர்களே வழி வைக்க ஆரம்பித்தார்கள். 1992-இல் வந்த அல்டிமா 7-இல் ராஜா வாசலில் ஒரு பலகைக்குக் கீழே வந்து நிற்கும் நேரம் பார்த்து அந்தப் பலகையைத் தட்டினால், அது தலையில் விழும். ராஜா காலி.

அப்புறம் 1997 ஆகஸ்ட். பலர் இணையத்தில் சேர்ந்து விளையாடும் அல்டிமா ஆன்லைன் இன்னும் விற்பனைக்கு வரவில்லை, வெள்ளோட்டம் நடக்கிறது. இப்போது ராஜா கணினி இயக்கும் பொம்மை இல்லை, காரியட்டே விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ராஜாவை நடத்துகிறார். பிளாக்தார்ன் பிரபுவாக அவருடைய சகா ஸ்டார் லாங். இருவரும் மேலே நிற்க, கீழே குடிமக்கள் கூட்டம். அன்று சர்வர் ஒருமுறை விழுந்து எழுந்திருந்தது. மறுபடி உள்ளே வந்தபோது, தனக்குச் சாவு இல்லை என்ற அமைப்பை இயக்க காரியட் மறந்துவிட்டார். அது அவருக்கே தெரியாது. கூட்டத்தில் ரெய்ன்ஸ் என்ற பெயரில் விளையாடிய ஒரு திருடன், பக்கத்தில் நின்றவரின் பையிலிருந்து ஒரு மந்திரச் சுருளை அடித்தான். நெருப்பு வரவழைக்கும் சுருள். எடுத்தான், ராஜாவின் மேல் வீசினான். சும்மா பார்க்கலாமே என்றுதான் வீசியிருக்க வேண்டும். ராஜா பதறவில்லை. ஏன் பதற வேண்டும், அவர்தான் சாகாவரம் பெற்றவர் ஆயிற்றே. அடுத்த நொடி கட்டையாக விழுந்து கிடக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்தது கூத்து. பிளாக்தார்ன் அரக்கர்களை வரவழைத்துக் கூட்டத்தின் மேல் ஏவ, வேடிக்கை பார்க்க வந்த அப்பாவிகள் செத்துக் குவிந்தார்கள். ரெய்ன்ஸை வெள்ளோட்டத்திலிருந்து நீக்கினார்கள். முன்பே விளையாட்டின் ஓட்டைகளைத் தவறாகப் பயன்படுத்தினான் என்பது காரணம். ராஜாவைக் கொன்றதற்கு இல்லையாம். நான் நம்ப வேண்டுமாம்.

இதே காரியட் 2008 அக்டோபரில் சொந்தக் காசில் சோயுஸ் கலத்தில் விண்வெளிக்குப் போய் வந்தார். அப்பா ஓவன் காரியட் ஸ்கைலாபில் இருந்த விண்வெளி வீரர். ராக்கெட்டில் ஏறி உயிரோடு திரும்பியவர், ஒரு பிக்பாக்கெட் வீசிய காகிதத்தில் செத்தார்.

இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள், வேகமாகச் சொல்கிறேன். ஸ்பேஸ் குவெஸ்ட் 3, 1989: அதைச் செய்த மார்க் குரோ, ஸ்காட் மர்ஃபி இருவரும் ஒரு கொடுமைக்கார கேம் கம்பெனியில் சிறைப்பட்டிருப்பார்கள், அவர்களை மீட்பதே கதை. மீட்டு எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம்? இன்னொரு கேம் கம்பெனியில். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சிரிப்பா அழுகையா தெரியாது. ஃபைனல் ஃபேண்டஸி 4-இல் ஓர் இரகசிய அறைக்குள் போனால் ஊழியர்களே வந்து உங்களை அடிப்பார்கள். என்பிஏ ஜாமில் சரியான எழுத்துகளையும் தேதியையும் கொடுத்தால், அதைச் செய்த மார்க் டர்மெல் தானே கூடைப்பந்து ஆட வந்துவிடுவார். ஹிதேயோ கோஜிமாவை அவரே இயக்கிய கிரவுண்ட் ஜீரோஸில் நாமே ஹெலிகாப்டரில் மீட்கலாம். அவருடைய ரசிகர்கள் என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை, எனக்கு அந்த இடம் சலிப்பாக இருந்தது. அவர் காப்பாற்றப்பட வருகிறார், நாம் பூங்கொத்தோடு நிற்க வேண்டும். ரொமேரோவின் தலையில் இருந்த குறும்பு அதில் இல்லை.

கடைசியாக, சாமி. சிரிக்காதீர்கள், உண்மையிலேயே அவர் பெயர் சாமிதான். பின்லாந்துக்காரர், சாமி யார்வி. யார்வி என்றால் அவர்கள் மொழியில் ஏரி. அதனால் உலகத்துக்கு சாம் லேக். 2001-இல் வந்த மேக்ஸ் பேய்ன் என்ற விளையாட்டின் கதையை எழுதினார். நாயகனுக்கு முகம் வேண்டும், நடிகருக்குக் கொடுக்கப் பணமில்லை. எழுத்தாளரே தோல்ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, புருவத்தைச் சுளித்து, மலச்சிக்கல் வந்தவர் மாதிரி ஒரு முகம் வைத்து நின்றார். வில்லி நிக்கோல் ஹார்னுக்கு அவருடைய அம்மா முகம் கொடுத்தார். இரண்டாம் பாகத்தில் கையில் காசு வந்ததும் நடிகரைப் போட்டார்கள், ஆனால் அந்தச் சுளித்த முகத்தை யாரும் மறக்கவில்லை.

22 வருடம் கழித்து, 2023-இல், அவருடைய ஆலன் வேக் 2. அதில் அலெக்ஸ் கேசி என்று ஒரு துப்பறிவாளர். முகம் மறுபடியும் சாமியுடையது, இப்போது சுருக்கம் விழுந்த முகம். குரல் ஜேம்ஸ் மெக்காஃப்ரி, மேக்ஸ் பேய்னுக்குக் குரல் கொடுத்த அதே மனிதர். மேக்ஸ் பேய்ன் என்ற பெயரின் உரிமை இப்போது வேறு நிறுவனத்திடம் இருக்கிறது, அதனால் பெயரைச் சொல்ல முடியாது. முகத்தையும் குரலையும் சேர்த்து வைத்தால் யாருக்குத்தான் தெரியாது? அதே விளையாட்டில் சாமி, சாம் லேக்காகவே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியிலும் வருகிறார். பிறகு பாட்டுக்கு ஆடுகிறார். சுமாராகத்தான் ஆடுகிறார், ஆனால் வெட்கப்படாமல் ஆடுகிறார். விளையாட்டு வெளிவந்த இரண்டே மாதத்தில், டிசம்பரில், மெக்காஃப்ரி இறந்துபோனார். நான் அதற்குப் பிறகுதான் விளையாடினேன். கேசி பேசும்போதெல்லாம் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

இன்னொன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நியர் ஆட்டோமேட்டா, 2017. அதன் இயக்குநர் யோகோ டாரோ பொதுவெளியில் முகமூடி போட்டுக்கொண்டுதான் வருவார். தன் முகத்தை விளையாட்டுக்குள்ளும் வைக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்கு இருக்கும் பல முடிவுகளில் ஐந்தாவதில், எல்லாம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கும்போது, அந்தப் பெயர்கள் உங்களைச் சுட ஆரம்பிக்கும். ஓவியர், நிரலாளர், இசையமைப்பாளர், கம்பெனி எல்லாமே குண்டு மழை. நீங்கள் திருப்பிச் சுட்டு ஒவ்வொரு பெயராக உடைத்துக்கொண்டு முன்னேற வேண்டும். நான் எத்தனை முறை செத்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். என்னை அதிகமாகக் கொன்றது யாருடைய பெயர் என்று பார்த்து உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. படிக்க நின்றால் செத்துவிடுகிறேன்.